மோதாமல் கடக்கும் கற்றைகள்: ஃபோட்டான் வழித் துகளாக்கத்தில் புதிதாக இறங்குவோருக்கு

பெரிய ஹாட்ரான் மோதுவி (எல்.எச்.சி.) என்றதும் இரண்டு ஈய அணுக்கருக்கள் நேருக்கு நேர் மோதி, ஆயிரக்கணக்கான தடங்கள் வெடித்துச் சிதறும் படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் அதே குழாயில் ஒன்றையொன்று தொடாமலே கடந்து போகும் அணுக்கருக்களும் துகள்களை உண்டாக்குகின்றன. அப்படிப்பட்ட நிகழ்வில் டிடெக்டர் முழுக்கக் காலியாக இருக்கும், நடுவில் இரண்டே இரண்டு தடங்கள் மட்டும் தெரியும். முதல் முறை பார்ப்பவர் ஏதோ கோளாறு என்றுகூட நினைக்கலாம்.

ஒளியின் வேகத்தை நெருங்கி ஓடும் மின்னூட்டத்தின் புலம் ஓடும் திசையில் நசுங்கித் தட்டையாகிவிடும். எதிரே வரும் துகளுக்கு அது கிட்டத்தட்ட ஒரு ஒளித்துடிப்பு போலத்தான் தெரியும். அந்தப் புலத்தை ஃபோட்டான்களின் (ஒளித்துகள்களின்) திரளாகவே எண்ணிக் கணக்கிடலாம் என்று 1924இல் என்ரிகோ ஃபெர்மி காட்டினார். அதிவேகத் துகள்களுக்கு அதை 1934இல் வைட்சேக்கரும் வில்லியம்ஸும் தனித்தனியே விரிவாக்கினார்கள். சமான ஃபோட்டான் தோராயம் என்று இன்று சொல்வது அதைத்தான். இந்தத் துறையில் நீங்கள் செய்யப்போகும் ஏறக்குறைய எல்லாக் கணக்கும் இதிலிருந்துதான் தொடங்கும்.

சிறப்புச் சார்பியலும் கொஞ்சம் குவாண்டம் இயற்பியலும் தெரிந்த, நிரல் எழுதப் பயப்படாத ஒருவர் எந்த வரிசையில் இதைக் கற்கலாம் என்பதைத்தான் கீழே சொல்கிறேன்.

முதல் படி: கணினியைத் திறக்காதீர்கள்

பலரும் நேராக ஒரு ஜெனரேட்டரை (நிகழ்வுகளைக் கணினியில் போலியாக உண்டாக்கும் நிரலை) இறக்கி ஓட்டிவிடுகிறார்கள். வேண்டாம். முதலில் ஒரு காகிதமும் மூன்று எண்களும் போதும்: அணுக்கருவின் ஆரம், அதன் மின்னூட்டம், லாரன்ஸ் காமா காரணி.

ஈயத்தை எடுத்துக்கொள்வோம். ஆரம் சுமார் 7 ஃபெர்மி (ஒரு ஃபெர்மி 10⁻¹⁵ மீட்டர்). மின்னூட்டம் 82. 2015, 2018 ஈய ஓட்டங்களில் ஒரு நியூக்ளியானுக்கு (புரோட்டான் அல்லது நியூட்ரானுக்கு) 2.51 டி.இ.வி. ஆற்றல் இருந்தது (ஒரு டி.இ.வி. என்பது ஆயிரம் ஜி.இ.வி., ஒரு ஜி.இ.வி. ஆயிரம் எம்.இ.வி.). அதை நியூக்ளியானின் நிறையான 0.931 ஜி.இ.வி.யால் வகுத்தால் காமா சுமார் 2,700 வரும்.

இப்போது குறைக்கப்பட்ட பிளாங்க் மாறிலியையும் ஒளிவேகத்தையும் பெருக்கி வரும் 197 எம்.இ.வி.-ஃபெர்மியை ஆரத்தால் வகுங்கள். கிடைப்பது 28 எம்.இ.வி. இந்த ஒரு எண்ணை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள், இந்தத் துறையில் பாதி விஷயம் இதிலேயே இருக்கிறது.

அணுக்கருவில் இருக்கும் 82 புரோட்டான்களும் ஒன்றாகச் சேர்ந்து, ஒரே மூலம் போல ஃபோட்டானை உமிழ வேண்டும். அதற்கு ஃபோட்டானின் அலைநீளம் அணுக்கருவைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது. அதனால் அதன் குறுக்கு உந்தம் சுமார் 28 எம்.இ.வி.யைத் தாண்டுவது அரிது. இப்படி இரண்டு ஃபோட்டான்கள் சேர்ந்து உண்டாக்கும் எந்த இணையின் மொத்தக் குறுக்கு உந்தமும் சில பத்து எம்.இ.வி.க்குள் அடங்கிவிடும். ஃபோட்டான்கள் ஏறக்குறைய மெய்யானவை என்று எடுத்துக்கொள்ள முடிவதும் இதே காரணத்தால்தான்.

கற்றையின் திசையில் கதை வேறு. அங்கே அதே 28 எம்.இ.வி. காமாவால் பெருகி, 75 ஜி.இ.வி.யை ஒட்டிப் போகிறது. அதற்கு மேல் ஃபோட்டான் எண்ணிக்கை சரேலென்று விழுந்துவிடும். இரண்டு பக்கமும் சேர்த்தால் 150 ஜி.இ.வி. நிறை வரைக்கும் ஈயக் கற்றையால் எட்ட முடியும். அந்த எல்லைக்கு வெகு கீழே, ஃபோட்டான் எண்ணிக்கை ஆற்றலுக்குத் தலைகீழ் விகிதத்தில் குறைந்துகொண்டே வரும், கூடவே ஒரு மடக்கைக் காரணி இருக்கும்.

அப்புறம் மின்னூட்டம். ஃபோட்டான் திரளின் அடர்த்தி மின்னூட்டத்தின் இருபடியைப் பொறுத்தது. இரு பக்கமும் ஃபோட்டான் என்றால் நான்காம் அடுக்கு. 82ஐ நான்கு முறை பெருக்கினால் சுமார் 4.5 கோடி வருகிறது. எல்.எச்.சி.யின் வடிவமைப்பு லூமினாசிட்டி (கற்றைகள் எவ்வளவு அடர்த்தியாகச் சந்திக்கின்றன என்பதன் அளவு) புரோட்டானுக்கு 10³⁴, ஈயத்துக்கு 10²⁷ என்ற அளவு. ஒரு கோடி மடங்கு வித்தியாசம். நான்காம் அடுக்கு அந்த நஷ்டத்தை ஈடுகட்டி, மிச்சமும் தருகிறது.

இதே கணக்கைப் புரோட்டானுக்கும் போடுங்கள். ஆரம் 0.84 ஃபெர்மி, 6.5 டி.இ.வி. கற்றைக்குக் காமா சுமார் 6,900. ஃபோட்டான் ஆற்றலின் எல்லை 1.6 டி.இ.வி. வரை போகிறது. ஆக, குறைந்த நிறையில் நிறைய நிகழ்வுகள் வேண்டுமானால் ஈயம், சில நூறு ஜி.இ.வி.க்கு மேல் போக வேண்டுமானால் புரோட்டான். எந்தக் கற்றையில் எந்த ஆய்வைச் செய்கிறார்கள் என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் விடை.

இரண்டாம் படி: எது எதைச் சந்திக்கிறது?

இங்கே இரண்டு குடும்பங்கள் உண்டு. ஒன்றில் ஃபோட்டானும் ஃபோட்டானும் சந்திக்கின்றன: எலக்ட்ரான் இணை, மியூவான் இணை, டாவ் இணை, டபிள்யூ போசான் இணை, இரண்டு ஃபோட்டான்கள். மற்றதில் ஒரு அணுக்கருவின் ஃபோட்டான் எதிரே வரும் அணுக்கருவையே தாக்குகிறது. ரோ, ஜே/சை போன்ற திசையன் மேசான்கள் அப்படித்தான் பிறக்கின்றன.

இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருக்க ஒரு விதி உதவும். சுழற்சி 1 உள்ள ஒரு துகள் இரண்டு மெய்யான ஃபோட்டான்களிலிருந்து தனியாகப் பிறக்க முடியாது, லாண்டாவ்-யாங் தேற்றம் அதை அனுமதிப்பதில்லை. எனவே உங்கள் மியூவான் இணையின் நிறைப் பரவலில் 3.1 ஜி.இ.வி.யில் ஒரு கூர்முனை தெரிந்தால், அது இரண்டாம் குடும்பத்திலிருந்து வந்து சேர்ந்தது.

மூன்றாம் படி: மியூவான் இணையில் தொடங்குங்கள்

இரண்டு ஃபோட்டான்கள் சந்தித்து இரண்டு ஃபோட்டான்களாகவே வெளிவரும் ஒளி-ஒளிச் சிதறல்தான் கவர்ச்சியானது என்று தெரியும். இருந்தாலும் மியூவான் இணையில் தொடங்கச் சொல்வேன். அதன் அடிப்படைக் கணக்கைக் குவாண்டம் மின்னியக்கவியல் துல்லியமாகத் தருகிறது, டிடெக்டரில் மியூவான் சுத்தமாகத் தெரிகிறது, நிகழ்வுகளும் தாராளம். ஃபோட்டான் திரளைப் பற்றிய உங்கள் புரிதல் சரியா என்று சோதிக்க இதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

இயக்கவியல் எளிது. இணையின் நிறையில் பாதியை எடுத்து, அதை ராபிடிட்டியின் (இணை கற்றையின் திசையில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று சொல்லும் எண்ணின்) அடுக்குக்குறிச் சார்பால் பெருக்கினால் ஒரு ஃபோட்டானின் ஆற்றல், வகுத்தால் மற்றதன் ஆற்றல். 10 ஜி.இ.வி. நிறையுள்ள இணை நடுவில், அதாவது ராபிடிட்டி பூஜ்ஜியத்தில் நின்றால் இரு ஃபோட்டான்களுக்கும் 5 ஜி.இ.வி. அதே இணை ராபிடிட்டி 2இல் இருந்தால் ஒன்றுக்கு 37 ஜி.இ.வி., மற்றதற்கு 0.7 ஜி.இ.வி.தான். டிடெக்டரின் ஓரத்தில் தெரியும் இணைகள் சமமில்லாத ஃபோட்டான்களிலிருந்து வந்தவை என்பது இதில் விளங்கிவிடும். 75 ஜி.இ.வி. எல்லையை அவைதான் முதலில் தொடும்.

இந்தக் கட்டத்தில் ஒரு சின்ன நிரல் எழுதுங்கள். ஃபோட்டான் திரளுக்கான எளிய மடக்கைச் சூத்திரம், இரண்டு ஃபோட்டான் மியூவான் இணையாகும் குறுக்குவெட்டுப் பரப்பு (அது நடக்கும் வாய்ப்பின் அளவு), இரண்டையும் பெருக்கி இரு ஆற்றல்கள்மீதும் ஒரு தொகையீடு. ஐம்பது வரிக்குள் முடியும். சரியான விடையிலிருந்து கொஞ்சம் விலகித்தான் வரும், பரவாயில்லை. எந்த வெட்டு (தேர்வு நிபந்தனை) எவ்வளவு நிகழ்வை விழுங்குகிறது என்ற உணர்வு கைக்கு வருவதுதான் இதன் பயன்.

நான்காம் படி: இப்போது ஜெனரேட்டர்

ஈயம்-ஈயத்துக்கு அதிகம் புழங்குவது ஸ்டார்லைட். அது இரண்டு குடும்பங்களையும் தரும், நிறுவுவதும் எளிது. சூப்பர்சிக் நிரலில் புரோட்டான் நிகழ்வுகளும், வலுவிசை வழியாக, புரோட்டான்கள் உடையாமலே நடக்கும் தனித்த உருவாக்கமும் இருக்கின்றன. மேட்கிராஃபில் பழகியவர்களுக்கு காமா-யூபிசி வசதியாக இருக்கும்.

எதை ஓட்டினாலும் அது எதை விட்டுவிடுகிறது என்று தெரிந்துகொண்டு ஓட்டுங்கள். ஸ்டார்லைட் ஒரு அணுக்கருவின் உடலுக்குள் பிறக்கும் லெப்டான் இணைகளைக் கணக்கில் சேர்ப்பதில்லை. லெப்டானுக்கு வலுவிசை கிடையாது, உள்ளே பிறந்தாலும் தடையில்லாமல் வெளியே வந்துவிடும். ஆகவே அதன் கணிப்பு அளவீட்டைவிடக் கொஞ்சம் குறைவாக வருவதில் ஆச்சரியம் இல்லை. அதே போல, பிறந்த மியூவான் ஒரு ஃபோட்டானை உதிர்ப்பதையும் அது கையாள்வதில்லை, அதற்குப் பித்தியா போன்ற ஒரு நிரலைப் பின்னால் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த படியில் தெரியும்.

நிரலின் முதல் வெளியீட்டை உங்கள் காகிதத்தோடு ஒப்பிடுங்கள். இணையின் குறுக்கு உந்தம் சில பத்து எம்.இ.வி.யில் குவிகிறதா? நிறைப் பரவல் நூறு ஜி.இ.வி.க்கு மேல் சரிகிறதா? இல்லையென்றால் உள்ளீட்டுக் கோப்பில் கற்றையின் காமாவையோ மின்னூட்டத்தையோ தவறாகக் கொடுத்திருக்க வாய்ப்பு அதிகம்.

ஐந்தாம் படி: நிகழ்வுகளைப் பொறுக்குவது

இந்தத் துறையின் தனிச்சுவை இங்கேதான் இருக்கிறது. வழக்கமான ஆய்வில் எதைக் காண வேண்டும் என்பதுதான் முதல் கேள்வி. இங்கே எதைக் காணக் கூடாது என்பதும் அதே அளவு முக்கியம்.

இரண்டு மியூவான்கள், எதிரெதிர் மின்னூட்டம், வேறு எந்தத் தடமும் இல்லை, கலோரிமீட்டரில் (ஆற்றலை அளக்கும் பகுதியில்) இரைச்சலைத் தாண்டிய ஆற்றல் எதுவும் இல்லை. இதற்கு மேல் ஒரே ஒரு கோண நிபந்தனை. குறுக்குத் தளத்தில் இரண்டு தடங்களும் நேர் எதிரெதிராக ஓட வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை 180 பாகையால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்தால் வருவது அகோப்ளனாரிட்டி. ஃபோட்டான்களின் குறுக்கு உந்தம் 28 எம்.இ.வி. அளவில் இருக்கும்போது, சில ஜி.இ.வி. உந்தமுள்ள மியூவான்களுக்கு இந்த எண் 0.01க்குக் கீழே குவிந்து கிடக்கும்.

ஆனால் ஒரு வால் இருக்கும். அதைப் பார்த்ததும் பின்னணி என்று ஒதுக்கிவிடாதீர்கள். மியூவான் ஃபோட்டானை உதிர்த்துச் சற்றே திரும்பியதால் வரும் நியாயமான நிகழ்வுகளும் அந்த வாலில் உண்டு. அணுக்கரு முழுவதும் சேராமல், உள்ளே ஒரு புரோட்டானின் ஃபோட்டான் மட்டும் பங்கேற்று, அந்த அணுக்கரு உடைந்துபோன நிகழ்வுகளும் உண்டு. இரண்டின் எதிர்பார்க்கும் வடிவங்களையும் வார்ப்புருக்களாக எடுத்துக்கொண்டு பரவலோடு பொருத்திப் பிரிப்பதே வழக்கம். முதல் வகைக்கான வார்ப்புரு சரியாக வர, போன படியில் சொன்ன ஃபோட்டான் உதிர்வு சிமுலேஷனில் இருந்தாக வேண்டும்.

எந்த நிகழ்வைப் பதிவு செய்வது என்று உடனுக்குடன் முடிவெடுக்கும் டிரிகர் விஷயத்தையும் முதல் நாளே விசாரித்துவிடுங்கள். கிட்டத்தட்ட காலியான நிகழ்வை எடுத்து வைக்கச் சொல்லி டிரிகருக்கு ஆணையிடுவது எளிதல்ல. குறைந்த ஆற்றலில் நிகழ்வுகள் அதிகம் தொலைவது பெரும்பாலும் அங்கேதான்.

ஆறாம் படி: நியூட்ரானைக் கவனியுங்கள்

இது ஈயத்துக்கு மட்டும். புதிதாக வருபவர்கள் இதை ஏதோ துணைக்கருவி விவகாரம் என்று தள்ளிவைத்துவிடுகிறார்கள். உண்மையில் இதுதான் மிகக் கூர்மையான ஆயுதம்.

இரண்டு அணுக்கருக்கள் கடக்கும்போது மியூவானை உண்டாக்கும் ஃபோட்டான்களோடு, வேறு சில மெல்லிய ஃபோட்டான்களும் பரிமாறப்படும். அவற்றில் ஒன்று ஈய அணுக்கருவைக் கிளர்த்தி, புரோட்டான் கூட்டமும் நியூட்ரான் கூட்டமும் எதிரெதிராக ஆடும் ராட்சத இருமுனை ஒத்ததிர்வை எழுப்பும். அதற்கு 14 எம்.இ.வி. போல இருந்தால் போதும். கிளர்ந்த அணுக்கரு ஒன்றோ சிலவோ நியூட்ரான்களை உதிர்க்கும். மின்னூட்டம் இல்லாததால் காந்தங்கள் அவற்றை வளைப்பதில்லை, நேரே போய், மோதல் புள்ளியிலிருந்து நூறு மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும் பூஜ்ஜியக் கோணக் கலோரிமீட்டரில் விழும்.

அணுக்கருக்கள் எவ்வளவு நெருங்கிக் கடக்கின்றனவோ, நியூட்ரான் உதிரும் வாய்ப்பும் அவ்வளவு அதிகம். எனவே இரு பக்கமும் நியூட்ரான் இல்லாதவை, ஒரு பக்கம் மட்டும் உள்ளவை, இரு பக்கமும் உள்ளவை என்று நிகழ்வுகளைப் பிரித்தாலே, கடந்த தூரத்தின்படி பிரித்த மாதிரி ஆகிவிடும். நெருங்கிய கடப்புகளில் ஃபோட்டான்களின் ஆற்றல் கூடும், அகோப்ளனாரிட்டியும் சற்று அகலும். எல்.எச்.சி.யின் ஆய்வுக் குழுக்களில் ஒன்றான சி.எம்.எஸ். மியூவான் இணைகளில் அந்த அகல்வை அளந்து காட்டியிருக்கிறது.

இதன் முழுப் பயன் ஜே/சையில் தெரியும். இந்த மேசான் பிறக்கும் வேகம், அடிப்படைக் கணக்கில், அணுக்கருவுக்குள் இருக்கும் குளுவான் (வலுவிசையைச் சுமக்கும் துகள்) அடர்த்தியின் இருபடியைப் பொறுத்தது. நியூக்ளியானின் உந்தத்தில் எந்தப் பின்னத்தைச் சுமக்கும் குளுவான்கள் என்பதை ராபிடிட்டி சொல்லும். நடுவில் அது சுமார் 6×10⁻⁴. ஆனால் ராபிடிட்டி 3இல் இரண்டு விடைகள் வருகின்றன: 3×10⁻⁵ அல்லது 1.2×10⁻². இடமிருந்து வந்தது ஃபோட்டானா, வலமிருந்து வந்தது ஃபோட்டானா என்று தெரியாததுதான் காரணம். நமக்கு வேண்டியது சின்ன எண், நிகழ்வுகளை நிரப்புவதோ பெரிய எண். நியூட்ரான் வகைகளாகப் பிரித்தால் ஒவ்வொரு வகையிலும் இரு பங்களிப்புகளின் விகிதம் மாறும். இரண்டு மாறிகள், இரண்டுக்கு மேற்பட்ட சமன்பாடுகள். அலிஸ், சி.எம்.எஸ். குழுக்கள் 2023இல் வெளியிட்ட அளவீடுகள் இந்த வழியில்தான் முடிச்சை அவிழ்த்தன.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், தேர்வுக்கு வராது என்றாலும். எல்.எச்.சி.யில் ஈய அணுக்கருக்கள் நிஜமாக மோதும் குறுக்குவெட்டு சுமார் 8 பார்ன் (குறுக்குவெட்டின் அலகு). ஃபோட்டான் பட்டு உடைவதற்கானது 200 பார்னுக்கும் மேல். எலக்ட்ரான்-பாசிட்ரான் இணை பிறந்து, அந்த எலக்ட்ரான் அணுக்கருவிலேயே ஒட்டிக்கொள்வதற்கானது சுமார் 280 பார்ன். மின்னூட்டம் 81 ஆகிப்போன அந்த அயனி பாதை மாறிக் காந்தச் சுவரில் போய் விழும். மோதுவி என்று பெயர் வைத்திருக்கிறோம், ஈயக் கற்றை கரைவதோ பெரும்பாலும் மோதாமல் கடப்பதால். ஃபோட்டான் பட்டு மூன்று புரோட்டான்களை இழந்த ஈயம் தங்கம் ஆகிறது. 2015 முதல் 2018 வரை இப்படிப் பிறந்த தங்கம் மொத்தம் 29 பிகோகிராம் என்று அலிஸ் குழு கணக்குச் சொல்லியது.

ஏழாம் படி: புரோட்டானுக்கு வரும்போது

இதுவரை சொன்ன சுத்தம் இங்கே கிடைக்காது. கற்றைகள் ஒரு முறை குறுக்கிடும்போது ஒரே நேரத்தில் பல பத்து புரோட்டான் மோதல்கள் நடக்கின்றன, டிடெக்டர் ஒருபோதும் காலியாக இருக்காது. அதனால் 'வேறு எதுவும் இல்லை' என்ற நிபந்தனையை டிடெக்டர் முழுவதற்கும் வைக்காமல், இரண்டு லெப்டான்கள் கிளம்பிய புள்ளியைச் சுற்றி மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு ஜன்னலுக்கு மட்டும் வைக்கிறார்கள். அட்லஸ் குழு 2020இல் இரண்டு ஃபோட்டான்கள் டபிள்யூ இணையாவதை 8.4 சிக்மா உறுதியோடு கண்டது அப்படித்தான்: ஒரு எலக்ட்ரான், ஒரு மியூவான், அந்த ஜன்னலில் வேறு தடம் இல்லை. அளந்த குறுக்குவெட்டு 3.13 ஃபெம்டோபார்ன்.

கவனிக்க வேண்டிய சிக்கல்கள் இரண்டு. ஃபோட்டானை உமிழ்ந்த புரோட்டான் முழுசாகத் தப்பாமல் உடைந்திருக்கலாம், சிதறல்கள் கற்றைக் குழாய்க்குள்ளேயே போய்விடுவதால் நமக்குத் தெரியாது. மறுபக்கம், நல்ல நிகழ்வு ஒன்றில் அதே இரு புரோட்டான்கள் வலுவிசையாலும் உரசி, கூடுதல் தடங்களை உண்டாக்கி, நம் ஜன்னலைக் கெடுக்கலாம். இரண்டையும் கோட்பாட்டை மட்டும் நம்பித் திருத்தாமல், லெப்டான் இணை டேட்டாவிலேயே அளந்து திருத்துவதுதான் பத்திரமான வழி.

தப்பிய புரோட்டானையே பிடித்துவிட்டால் முதல் சிக்கல் தீர்ந்தது. மோதல் புள்ளியிலிருந்து இருநூறு மீட்டர் அளவில், கற்றையை ஒட்டி வைத்த சிறிய உணர்கருவிகள் அதைச் செய்கின்றன. ஒவ்வொரு புரோட்டானும் இழந்த ஆற்றல் பின்னங்களைப் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, மோதல் ஆற்றலால் பெருக்கினால் நடுவில் பிறந்த அமைப்பின் நிறை வந்துவிடும். 13 டி.இ.வி.யில் இரு பக்கமும் 3 சதவீதம் இழந்திருந்தால் 390 ஜி.இ.வி. நடு டிடெக்டர் தனியாக அளந்த நிறையும் இதுவும் பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் அந்தப் புரோட்டான் வேறொரு மோதலிலிருந்து வந்தது.

எட்டாம் படி: ஒரு நிஜ முடிவைத் திரும்பப் போட்டுப் பாருங்கள்

இப்போது ஒளி-ஒளிச் சிதறலுக்கு வரலாம். அட்லஸ் குழு 2018 ஈய டேட்டாவில், 1.73 தலைகீழ் நானோபார்னில் (சேர்த்த டேட்டாவின் அளவு), 59 நிகழ்வுகளைக் கண்டது. எதிர்பார்த்த பின்னணி 12. நிபந்தனைகள்: ஒவ்வொரு ஃபோட்டானுக்கும் 3 ஜி.இ.வி.க்கு மேல் குறுக்கு ஆற்றல், இணை நிறை 6 ஜி.இ.வி.க்கு மேல், அகோப்ளனாரிட்டி 0.01க்குக் கீழ். அந்த எல்லைக்குள் வெளியிட்ட குறுக்குவெட்டு 78 நானோபார்ன்.

முதலில் 78ஐ 1.73ஆல் பெருக்குங்கள். 135 நிகழ்வுகள் பிறந்திருக்க வேண்டும். பின்னணி கழித்துக் கண்டது 47. ஆக டிடெக்டரின் திறன் சுமார் 35 சதவீதம். அடுத்து 2021இல் 2015 டேட்டாவையும் சேர்த்து வெளியிட்ட அளவீட்டை எடுங்கள். அதில் எல்லை 2.5 ஜி.இ.வி.க்கு இறங்கியது, நிறை எல்லை 5க்கு. 2.2 தலைகீழ் நானோபார்னில் 97 நிகழ்வுகள், பின்னணி 27, குறுக்குவெட்டு 120 நானோபார்ன். அதே கணக்கைப் போட்டால் திறன் 27 சதவீதத்துக்கு வந்துவிடுகிறது.

அரை ஜி.இ.வி. கீழே இறங்கினால் குறுக்குவெட்டு ஒன்றரை மடங்கு ஆவதும், திறன் இவ்வளவு சரிவதும் ஏன்? முதலாவதற்கு உங்கள் ஐம்பது வரி நிரலில், மியூவான் குறுக்குவெட்டின் இடத்தில் ஒளி-ஒளிச் சிதறலுக்கானதை வைத்து ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதற்கு, 2.5 ஜி.இ.வி. ஃபோட்டானுக்கு டிரிகரும் கலோரிமீட்டரும் எப்படி வேலை செய்கின்றன என்று அந்தக் கட்டுரைகளின் திறன் வரைபடங்களில் தேடுங்கள்.